நடுத்தர நகரில் குடியேறலாமா?

"கெட்டும் பட்டணம் சேர்" என்பது நம் முன்னோர் வழக்கு. வாழ்ந்து நொடித்தவனும் பட்டணத்தை அடைந்துவிட்டால் எப்படியாவது பிழைத்துக்கொள்வான் என்பது அதன் கருத்து. இவ்வழக்குப் பிறந்த காலத்தில் மனிதன் முன் இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று பிறந்த ஊர், மற்றொன்று பட்டணம். இன்று நம் குடும்பங்களின் பிள்ளைகள் முன் மூன்றாவது வழியும் திறந்திருக்கிறது. சிற்றூருக்கும் பெருநகருக்கும் இடைப்பட்ட நடுத்தர நகரமே அது. அதுவும் பல வேளைகளில் கடல் கடந்த நாட்டில்!

அமெரிக்கா செல்லும் பிள்ளை என்றால் நியூயார்க், சிகாகோ என்ற பெயர்களையே முன்பு பெற்றோர் எதிர்பார்த்தனர். இப்பொழுதோ அந்நாட்டின் தென் மாநிலங்களில், நம்மவர் வாயில் எளிதில் நுழையாத பெயர்களைக் கொண்ட நகரங்களிலிருந்தும் வேலை உத்தரவுகள் வருகின்றன. உத்தரவு வந்த கையோடு பெற்றோர் பங்குத்தந்தையைத் தேடி வருகின்றனர். "நல்ல ஊரா, சாமி?" என்பதே அவர்கள் கேள்வி. நாம் அமெரிக்கத் தென்பகுதியில் சில ஆண்டுகள் பணியாற்றியவராதலால், இக்கேள்வி நம்மிடம் சற்று அதிகமாகவே வருகிறது. அதற்கு ஒரே சொல்லில் விடை கூறுவது எளிது, ஆனால் நேர்மையாகாது. ஆகவே நாம் ஓரளவு அறிந்த ஒரு நகரை எடுத்துக்கொண்டு, அதன் நிறையையும் குறையையும் வாசகர்கள் முன் வைக்க விழைகிறோம்.

அந்நகரின் பெயர் சட்டனூகா. டென்னசி மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், ஜார்ஜியா மாநில எல்லையை ஒட்டி, டென்னசி ஆற்றின் கரையில் அமைந்தது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 1,81,099. அதாவது 2011ஆம் ஆண்டுக் கணக்கில் இரண்டு இலட்சத்தைத் தாண்டிவிட்ட நம் தஞ்சாவூரைவிடவும் சிறியது. அட்லாண்டா, நாஷ்வில் ஆகிய இரு பெருநகரங்களும் காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ளன.

முதலில் நிறைகளைக் கூறுவோம். நடுத்தர நகரம் குடும்பத்திற்குத் தரும் தலையாய நன்கொடை நேரம். பெருநகரில் வேலைக்குச் செல்பவன் காலையில் ஒரு மணி நேரத்தையும் மாலையில் ஒரு மணி நேரத்தையும் சாலைக்கே காணிக்கையாக்குகிறான். பிள்ளைகள் உறங்கிய பின் வீடு திரும்பும் தகப்பனுக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தால்தான் ஈடாகும்? சட்டனூகா போன்ற நகரில் பெரும்பாலோர் அரை மணி நேரத்திற்குள் வேலையிடத்தை அடைந்துவிடுகின்றனர். குடும்பம் ஒன்றாய் அமர்ந்து இரவு உணவு அருந்துகிறது. மாலை வேளையில் பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்ல முடிகிறது. நகரைச் சுற்றி மலைகள், நடுவே ஆறு. இயற்கை எழிலும் நகர வாழ்வும் அங்கே கைகோத்து நிற்கின்றன. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வட அமெரிக்காவின் முதல் 'தேசியப் பூங்கா நகரம்' என்னும் சிறப்பும் அந்நகருக்குக் கிடைத்தது.

வேறொரு நிறையும் உண்டு. நடுத்தர நகரில் ஒரு தவறு நேர்ந்தால், அதைத் திருத்தும் அளவுக்கு மக்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்கின்றனர். சட்டனூகா ஒரு காலத்தில் வார்ப்பாலைகளின் நகரம். மலைகள் சூழ்ந்த கிண்ணத்தில் ஆலைப் புகை தேங்கி நின்றது. நண்பகலிலும் கார்கள் விளக்கேற்றிச் சென்றன என்று மூத்தோர் கூறுவர். 1969ஆம் ஆண்டில் நாட்டிலேயே மிகவும் மாசடைந்த காற்று அந்நகரின் காற்றே என நடுவண் அரசு அறிவித்தது. அவமானத்தால் அந்நகர் விழித்தெழுந்தது. அவ்வாண்டிலேயே காற்றைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர், 1984ஆம் ஆண்டில் 'விஷன் 2000' என்ற பெயரில் 1,700க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கூடி அமர்ந்து, தம் நகர் எப்படி இருக்கவேண்டும் என்று பேசி, நாற்பது இலக்குகளை வகுத்தனர். 1992இல் ஆற்றங்கரையில் பெரிய மீன் காட்சியகம் எழுந்தது. 1978இல் பழுதுற்று மூடப்பட்ட பழைய வால்நட் தெருப் பாலம், இடிக்கப்படாமல் செப்பனிடப்பெற்று, 1993இல் நடந்து செல்வோருக்கென்றே திறக்கப்பட்டது. கோடிக்கணக்கானோர் வாழும் மாநகரில் 1,700 பேரின் குரல் கடலில் கரைத்த பெருங்காயம். நடுத்தர நகரிலோ அது நகரையே அசைக்கிறது.

அந்நகரின் மின்சார வாரியம் தனியாருக்கு உரியதன்று; நகருக்கே சொந்தமானது. 2010ஆம் ஆண்டில் அவ்வாரியம் தன் கண்ணாடி இழைக் கம்பிகளின் வழியே, நொடிக்கு ஒரு கிகாபிட் வேகமுள்ள இணைய வசதியைத் தன் எல்லைக்குட்பட்ட எல்லா வீடுகளுக்கும் கிடைக்கச் செய்தது. அந்நாட்டில் அதுவரை எந்த நகரும் செய்யாதது அது. அதனினும் மேலானதொன்று 2020ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஏழைக் குடும்பத்துப் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளுக்குக் கட்டணமின்றி இணைய வசதி வழங்கும் திட்டத்தைப் பள்ளித் துறையும் மின் வாரியமும் சேர்ந்து தொடங்கின. பொதுச் சொத்து பொதுச் சொத்தாகவே இருந்தால், துன்பக் காலத்தில் அது யாருக்கு உதவும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இதுவரை வாசித்த பெற்றோர், "அப்படியானால் மகனைத் தயங்காமல் அனுப்பலாம்" என்று முடிவு கட்டியிருப்பர். சற்றுப் பொறுங்கள். ஒவ்வொரு நிறைக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையைக் கொடுப்பவர் யார் என்று கேட்காமல் எந்த ஊரையும் நல்ல ஊர் என்று கூறிவிடலாகாது.

பணத்தையே எடுத்துக்கொள்வோம். டென்னசி மாநிலத்தில் சம்பளத்தின்மீது மாநில வருமான வரி இல்லை. நடுவண் அரசின் வரி மட்டுமே உண்டு. நல்ல சம்பளம் பெறும் இளைஞனுக்கு இது நற்செய்தியே. ஆனால் அரசுக்கு வேண்டிய பணம் வானத்திலிருந்து பொழிவதில்லை. அம்மாநிலம் விற்பனை வரியாக நூற்றுக்கு ஏழு விதிக்கிறது. அதன்மேல் உள்ளூர் வரியும் சேர்கிறது. அரிசி, பால், ரொட்டி போன்ற உணவுப் பொருள்களுக்கும் மாநில வரி நூற்றுக்கு நான்கு உண்டு. பெருஞ்செல்வரும் கூலியாளும் ஒரே கடையில் ஒரே அளவு பால் வாங்கினால், இருவரும் கொடுக்கும் வரி ஒன்றே. ஆனால் அது செல்வருக்குத் தூசி, கூலியாளுக்குச் சுமை. சம்பளக்காரருக்குக் கிடைத்த சலுகையின் ஒரு பகுதியை ஏழையின் சோற்றுப்பானை சுமக்கிறது.

வேலையைப் பற்றியும் கூறவேண்டும். பெருநகரில் ஒரு கதவு மூடினால் அடுத்த தெருவில் மற்றொரு கதவு திறக்கக்கூடும். நடுத்தர நகரில் கதவுகளே சில. ஒரு பெரிய ஆலை வந்தால் ஊரே மகிழ்கிறது. அது தள்ளாடினால் ஊரே தள்ளாடுகிறது. சட்டனூகாவில் 2011இல் வோக்ஸ்வேகன் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. அங்குள்ள தொழிலாளர் சங்கமாய்ச் சேரலாமா என்று 2014இலும் 2019இலும் வாக்களித்தனர். இருமுறையும் சங்கம் தோற்றது. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில்தான் சங்கம் வென்றது. ஒரே முதலாளியை நம்பியிருக்கும் ஊரில் தொழிலாளி வாய் திறக்க எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதை இதிலிருந்து உணரலாம். கணவன் மனைவி இருவரும் படித்தவராயிருந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. கணவனுக்கு வேலை கிடைத்த நகரில் மனைவியின் படிப்புக்கேற்ற வேலை இராமற்போகலாம். மருமகளின் பட்டம் சுவரில் தொங்க, அவள் சமையலறையில் மனம் புழுங்குவதையும் நாம் கண்டிருக்கிறோம். பெண் கொடுக்கும் பெற்றோர் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்கின்றனர். அவ்வூரில் தம் மகளுக்கு என்ன வேலை உண்டு என்று கேட்பவர் அரியர்.

எல்லாவற்றினும் நாம் கவலையோடு கூற விரும்புவது, கார் ஓட்டத் தெரியாதவர் நிலையைப் பற்றியே. மக்கள்தொகையில் தஞ்சாவூரினும் சிறிய இந்நகரின் பரப்பு 350 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். வீடு ஒரு மூலை, கடை ஒரு மூலை, ஆலயம் ஒரு மூலை. பேருந்துகள் உள்ளன, எனினும் எல்லா இடங்களையும் அவை எட்டுவதில்லை. பல சாலைகளில் நடைபாதையே கிடையாது. 1941ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு பாட்டு இந்நகரின் ரயிலை உலகெங்கும் புகழ்பெறச் செய்தது. ஆனால் 1909இல் எழுந்த அந்தப் பெரிய ரயில் நிலையம் 1970இல் மூடப்பட்டது. 1973இல் அது தங்கும் விடுதியாயிற்று. ரயிலால் பெயர்பெற்ற ஊருக்கு இன்று பயணிகள் ரயில் ஒன்றுகூட இல்லை.

நெல்லைப் பக்கத்துத் தாய் ஒருவர். மகன் வீட்டுக்கு ஆறு மாதத் தங்கலாக அந்நாட்டுத் தென்பகுதிக்கு வந்திருந்தார். ஊரில் விடியற்காலையில் தாமே நடந்து திருப்பலிக்குச் சென்று, வரும் வழியில் கீரை வாங்கி, நாலு வீட்டுத் திண்ணையில் நலம் விசாரித்துத் திரும்பியவர். அங்கோ ஆலயம் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால். ஞாயிறன்று மகன் அழைத்து வந்தால் உண்டு. மற்ற ஆறு நாளும் கண்ணாடிச் சன்னலே துணை. குறை சொல்லும் மனம் அவருக்கு இல்லை. மகனும் மருமகளும் தங்கமானவர்கள் என்றே எப்பொழுதும் கூறுவார். ஒரு நாள் மட்டும், "இங்க எல்லாம் இருக்கு சாமி, எனக்குத்தான் காலு போன மாரி இருக்கு" என்றார். அவருடைய கால்கள் நன்றாகவே இருந்தன. அவை நடந்து செல்வதற்கு ஓர் ஊர்தான் இல்லை. மகனுக்கு வரமாய் இருந்த அதே விரிந்த நகரம், அதே அகன்ற வீடு, தாய்க்குச் சிறையாயிற்று. ஒரே ஊரைப் பற்றி இருவர் கூறும் சாட்சியங்கள் இவை, இரண்டும் மெய்யே.

இயற்கையின் சீற்றத்தையும் மறைக்க வேண்டியதில்லை. கோடையின் புழுக்கம் நம்மவருக்குப் புதிதன்று. சுழற்காற்றோ அவ்வாறன்று. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 12, உயிர்ப்புப் பெருவிழா நாள். தொற்றின் காரணமாக மக்கள் வீடுகளில் அடைந்திருந்த அவ்விரவில், கடும் சுழற்காற்று நகரின் கிழக்குப் பகுதியைத் தாக்கிற்று. பலகையால் கட்டிய வீடுகள் நொறுங்கின. துப்பாக்கியும் அவ்வாறே நம்மவர் பழகாத ஒன்று. 2021ஆம் ஆண்டு ஜூலை முதல் டென்னசியில் வயதுவந்தோர் பெரும்பாலோர் உரிமச் சீட்டின்றியே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடச் சட்டம் இடமளிக்கிறது. பிள்ளைகள் அண்டை வீட்டில் விளையாடச் செல்லுமுன், "உங்கள் வீட்டில் துப்பாக்கி பூட்டி வைக்கப்பட்டுள்ளதா?" என்று கேட்கும் தாய்மாரும் அங்கு உண்டு. நம் நாட்டில் எந்தத் தாயின் நாவிலும் தோன்றாத கேள்வி அது.

தென்பகுதி மக்களின் இன்முகத்தைப் பற்றிப் பலரும் புகழ்ந்துரைப்பர். அது பொய்யன்று. முன்பின் அறியாதவர் வணக்கம் கூறுவர். புதிதாய்க் குடிவந்த வீட்டுக்குப் பலகாரத்தோடு வருவர். வந்த சிறிது நேரத்திற்குள், "எந்த ஆலயத்திற்குச் செல்கிறீர்கள்?" என்றும் கேட்பர். ஆலயத்தை மையமாகக் கொண்ட வாழ்வு அது. பிற சபையினர் பெருவாரியாக வாழும் அப்பகுதியில் கத்தோலிக்கர் சிறுபான்மையினரே. நமக்கே அக்கேள்வி சற்று வியப்பைத் தருமானால், இந்து, முகமதிய அன்பர்களுக்கு அது எப்படியிருக்கும்? அன்பாய்க் கேட்கப்படும் கேள்வியும் சிலரை வாசலுக்கு வெளியே நிறுத்தக்கூடும் என்பதை நாம் மறக்கலாகாது.

அந்நகரின் இன்முகத்திற்குப் பின்னால் ஒரு பழைய காயமும் உண்டு. செப்பனிட்டுத் திறந்தார்கள் என்று மேலே கூறினோமே, அந்த வால்நட் தெருப் பாலத்தில்தான் 1906ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் எட் ஜான்சன் என்னும் கறுப்பின இளைஞர் கொலையுண்டார். அவர்மீது குற்றம் சாட்டி, அவசர விசாரணையில் மரண தண்டனை விதித்திருந்தனர். நோவா பார்டன், ஸ்டைல்ஸ் ஹட்சின்ஸ் என்னும் இரு கறுப்பின வழக்கறிஞர்கள் உச்ச நீதிமன்றம்வரை சென்று தண்டனையை நிறுத்திவைத்தனர். அச்செய்தி ஊரை எட்டிய இரவே, ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து அவரை இழுத்துச் சென்று பாலத்தில் தூக்கிலிட்டது. காவல் காக்க வேண்டிய ஷெரீபையும் வேறு சிலரையும் 1909இல் உச்ச நீதிமன்றமே விசாரித்துத் தண்டித்தது. அந்நீதிமன்றம் தன் வரலாற்றில் நேரடியாக நடத்திய ஒரே குற்றவியல் விசாரணை அதுவே. ஜான்சன்மீதான தீர்ப்பை உள்ளூர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் நீக்கிற்று. 2021இல் பாலத்தின் தென்முனையில் அவருக்கும் அவர் வழக்கறிஞர்களுக்கும் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. நீதி வந்து சேர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

பழங்கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1960இல் அந்நகரின் கறுப்பினப் பள்ளி மாணவர்கள் கடைகளின் உணவு மேடைகளில் அமர்ந்து அறப்போர் நடத்திய பின்னரே அம்மேடைகளில் எல்லாரும் உண்ணும் உரிமைக்கு வழி பிறந்தது. நகர ஆட்சியினரை நகர் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுத்த பழைய முறையில் கறுப்பின மக்களின் வாக்கு வலுவிழந்து போயிற்று. 1989இல் நீதிமன்றம் தலையிட்ட பிறகே, வட்டந்தோறும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நகர மன்றம் 1990இல் அமைந்தது. 1984இல் 1,700 பேர் கூடிப் பேசியது பெருமைக்குரியதே. ஆனால் பேச அழைப்பது வேறு; முடிவு செய்யும் நாற்காலியில் இடம் கொடுப்பது வேறு. 'நம் ஊர்' என்று சொல்லும்போது அந்த 'நம்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பதே எல்லா நகரங்களுக்கும் வைக்கப்படும் தேர்வு. சாதியின் பேரால் தெருவையும் சுடுகாட்டையும் பிரித்துப் பழகிய நமக்கு இத்தேர்வு அந்நியமானதன்று.

அந்நகரில் நம் மனத்தைத் தொட்ட ஒருவரைப் பற்றியும் இங்குக் கூறவேண்டும். 1878ஆம் ஆண்டில் மஞ்சள் காய்ச்சல் சட்டனூகாவைச் சூறையாடியது. வண்டியும் வசதியும் உள்ளோர் ஊரைவிட்டு ஓடினர். போக வழியற்ற ஏழைகளே பெரும்பாலும் எஞ்சினர். அவர்களோடு தங்கியவர்களுள் ஒருவர் புனித பேதுரு பவுல் ஆலயப் பங்குத்தந்தை பாட்ரிக் ரயன். அயர்லாந்தில் பிறந்தவர், முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். வீடு வீடாய்ச் சென்று நோயாளரைக் கவனித்த அவர், அந்நோயாலேயே செப்டம்பர் 28ஆம் நாள் உயிர் நீத்தார். அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்துவதற்கான பணியை நாக்ஸ்வில் மறைமாவட்டம் 2016இல் தொடங்கிற்று. அவருக்குச் சட்டனூகா பிறந்த மண் அன்று. அங்குள்ள வசதிகளை எண்ணி அவர் தங்கவும் இல்லை. வெளியேற முடியாதவர்கள் இருந்த இடமே தமது ஊர் என்று அவர் கொண்டார்.

இனி, நம்மிடம் யோசனை கேட்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சிலவற்றைக் கூறி முடிப்போம். ஒரு நகரை எடைபோடும்போது சம்பளத்தையும் வீட்டு வாடகையையும் பள்ளியையும் கணக்கிடுங்கள்; அது தேவையே. அதோடு நில்லாமல், உங்கள் குடும்பத்தில் வலிமை குறைந்தவர் யாரோ, அவரை அந்நகரில் நிறுத்திப் பாருங்கள். வயதான தாயை அழைத்துச் செல்வதாயிருந்தால், அவர் நடந்து செல்லும் தொலைவில் ஓர் ஆலயமோ பூங்காவோ கடையோ உள்ள பகுதியில் வீடு பாருங்கள். அறைகள் இரண்டு குறைந்தாலும் குற்றமில்லை. விமானச் சீட்டு எடுக்குமுன் அவருக்கு மருத்துவக் காப்பீடு எடுங்கள். மருமகளின் வேலையைப் பற்றி அவளிடமே கலந்து பேசுங்கள். சுழற்காற்று எச்சரிக்கை வந்தால் வீட்டில் எங்கே ஒதுங்குவது என்பதைக் குடிபுகும் முதல் நாளே தெரிந்து வையுங்கள்.

அங்குச் சென்று வசதியாய் அமர்ந்த பின் இன்னொன்றும் செய்யுங்கள். உங்களுக்குக் கிடைத்த நேரத்தில் ஒரு பகுதியை, அவ்வூரில் கார் இல்லாதவருக்குக் கொடுங்கள். வாரம் ஒரு நாள் அண்டை வீட்டு முதியவர் ஒருவரைக் கடைக்கோ ஆலயத்திற்கோ அழைத்துச் செல்லுங்கள். அவர் எந்த இனத்தவர், எந்தச் சபையினர் என்று கேட்கவேண்டாம். நகர மன்றத்தில் பேருந்தைப் பற்றியும் நடைபாதையைப் பற்றியும் பேச்சு எழும்போது, உங்களிடம் இரண்டு கார்கள் இருந்தாலும், சென்று அமருங்கள். நடுத்தர நகரில் ஒரு குடும்பத்தின் குரலும் கேட்கப்படும் என்பதை மேலே கண்டோம். அக்குரல் யாருக்காக எழும்புகிறது என்பதில்தான், நீங்கள் அவ்வூரில் தங்கியிருக்கிறீர்களா, வாழ்கிறீர்களா என்பது விளங்கும்.